டூப் என்னும் சொல்லும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளும்

பெம்பான் கடைத்தெருவில் சில வாரங்களுக்கு முன் நாம் பசியாறிக்கொண்டிருந்தபொழுது அடுத்த மேசையில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. நெடுங்காலம் பால்மரம் வெட்டி ஓய்ந்த முதியவர் ஒருவரும், ஜாசினில் வேலை பார்க்கும் அவருடைய பேரனும், எம்.ஜி.ஆர். நடித்த பழைய படமொன்றின் வாட்போரை ஒரே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தனர். கோட்டைச் சுவரின் மேலிருந்து ஒரு வீரன் கீழே விழுந்தான். “அதெல்லாம் டூப்பு, தாத்தா” என்றான் பேரன். முதியவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “டூப்புன்னா என்னடா? விழுந்தது துணி மூட்டையா? ஆள்தானே விழுந்தான்?” என்றார். பேரனுக்கு விடை கிடைக்கவில்லை. அருகிலிருந்த நமக்கும் கிடைக்கவில்லை.

வீடு திரும்பியும் அக்கேள்வி நம்மை விட்டகலவில்லை. ‘டூப்ளிகேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வாலை நறுக்கி நம்மவர் ஆக்கிக்கொண்ட சொல் ‘டூப்’. நம் பேச்சில் அதற்குப் பொய் என்றும் போலி என்றுமே பொருள். ஆனால் நடப்பது யாது? கதாநாயகர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருடைய சட்டையையும் தலைமயிரையும் அணிந்த வேறொருவன் உயரத்திலிருந்து குதிக்கிறான். அவன் எலும்பு மெய்யாகவே முறிகிறது. குதிக்காதவருக்கு வீரர் என்று பெயர், குதித்தவனுக்குப் போலி என்று பெயர். இத்தகைய தலைகீழ் வழக்கு நம் மொழியில் எங்ஙனம் புகுந்தது என்று ஆராயப் புகுந்தால், அது நம்மைச் சென்ற நூற்றாண்டின் பாலர் நாடக சபைகளின் வாயிலிற்கொண்டு நிறுத்துகிறது. தமிழ்த் திரையின் சண்டைக் கலை அங்கே, பத்து வயது நிரம்பாத பிள்ளைகளின் உடம்பில், பயிர் செய்யப்பட்டது.

‘பாய்ஸ் கம்பெனி’ என்று ஜனங்கள் வழங்கிய அச்சபைகளைப் பற்றி இக்காலத்து இளைஞர் அறிந்திருப்பது சிறிதே. 1918-ஆம் ஆண்டு சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தோற்றுவித்தார். வளர்ந்த நடிகரை அடக்கி ஆள்வது அரிது. குடித்துவிட்டு வருவார், பாடத்தை மாற்றிப் பேசுவார், கூலி போதவில்லையென்று வேறு கம்பெனிக்கு ஓடுவார். பிள்ளைகளோ சொன்னபடி கேட்பார்கள், சோற்றுக்கும் சிறு சம்பளத்துக்கும் இருப்பார்கள். ஆகவே கலையின் நன்மையும் முதலாளியின் நன்மையும் ஒன்றுகூடிய இடத்தில் இச்சபைகள் தழைத்தன. அச்சபையில் சேர்ந்து வளர்ந்தவரே பின்னாளில் ஔவையார் வேடத்தாற் புகழ்பெற்ற டி. கே. சண்முகம். அவர் 1972-இல் வெளியிட்ட ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலைக் கிடைத்த இடத்தில் வாங்கிப் படிக்குமாறு வாசகரை வேண்டுகிறோம். தமிழ் நாடகத்தின் வரலாறு என்பதோடு, குழந்தைப் பருவத்தை மேடைக்கு விற்றவர்களின் கணக்குப் புத்தகம் என்றும் அதைக் கூறலாம்.

அங்கே கற்பிக்கப்பட்டது பாட்டு மட்டுமன்று. வசனம், தாளம், ஆட்டம், வாள் பிடித்தல், அடி படாமல் அடி வாங்குதல், விழுதல், விழுந்த இடத்திலிருந்து அடுத்த பாட்டின் முதலெழுத்துக்குச் சுருதி தவறாமல் எழுதல் ஆகிய யாவும் ஒரே பாடம். சூரபதுமனும் வீரபாகுவும் மேடையில் பொருதினால், அப்போரைச் செய்கின்ற பிள்ளையே அதற்கு முன்னும் பின்னும் பாடவும் வேண்டும். ‘நடிப்பவன் வேறு, விழுபவன் வேறு’ என்னும் பிரிவினை அம்மேடையில் இல்லை, இருக்கவும் இடமில்லை. ஆயிரம் கண்கள் எதிரே நோக்கிக்கொண்டிருக்கையில் ஆளை மாற்றுவது எங்ஙனம்?

இனி, மகரக்கட்டு என்னும் கண்டத்தைக் கூற வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதில் ஆண்பிள்ளைகளின் குரல் உடைகிறது. சீதையாகவும் வள்ளியாகவும் பாடி ஊரை மயக்கிய பையன் ஓர் இரவில் தவளைபோற் கத்தத் தொடங்குகிறான். கம்பெனிக்கு அவன் அன்று முதல் வீண்செலவு. எழுத்து அரைகுறை; வேறு தொழில் தெரியாது; பெற்றோர் ஊரில் வறுமை. குரலை இழந்த பிள்ளைக்கு எஞ்சிய முதல் ஒன்றே ஒன்று: பயிற்சி பெற்ற உடம்பு. நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருளின் கருவே இவ்விடத்தில்தான் இருக்கிறது.

பி. யு. சின்னப்பாவின் வாழ்வை இதற்கு முதற்சான்றாகக் காட்டுவோம். புதுக்கோட்டையில் 1916-இல் பிறந்த இவர் ஒரு நாடக நடிகரின் மகன். ஐந்தாறு வயதிலேயே மேடையேறினார். பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். பாட்டின் சிறப்பைக் கண்டு முதலாளி பின்னர் அதை 75 ரூபாயாக உயர்த்தினார் என்பர். காளி என். ரத்தினம் அங்கே ஆசிரியராயிருந்து பிள்ளைகளைப் பழக்கினார். சின்னப்பாவுக்கும் மகரக்கட்டு வந்தது. கம்பெனியை விட்டு ஊருக்குத் திரும்பிய அவ்விளைஞர் என் செய்தார்? பாட்டைக் கைவிடாது சாதகம் செய்தார். அத்துடன் சிலம்பம் கற்றார், வாள்வீச்சுக் கற்றார், சுருள்கத்தி வீசக் கற்றார், பாரம் தூக்கும் போட்டிகளில் பரிசு பெற்றார். குரல் அவரைக் கைவிட்ட ஆண்டுகளில் அவர் தம் உடம்பை நம்பினார்.

1936-இல் ‘சந்திரகாந்தா’ படத்தின் வழியே திரைக்கு வந்தார். 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தம புத்திரன்’ அவரை உச்சியில் ஏற்றியது. பிரெஞ்சு நாவலாசிரியர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய அப்படத்தில் அண்ணனும் தம்பியுமாய் இரட்டை வேடம் அவருக்கு. அதன்பின் ‘ஆர்யமாலா’ (1941), ‘கண்ணகி’ (1942), ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) என்று வெற்றிகள் தொடர்ந்தன. 1951-இல், முப்பத்தைந்தாவது வயதில், காலமானார்.

சின்னப்பாவைப் பற்றி எழுதிய விமரிசகர் பெரும்பாலோர் அவருடைய சாரீரத்தையே பேசுகின்றனர். எம். கே. தியாகராஜ பாகவதரோடு ஒப்பிட்டு, இவர் குரல் உயர்ந்ததா அவர் குரல் உயர்ந்ததா என்று பக்கம் பக்கமாய் வாதிடுகின்றனர். அவ்வாதம் முடிவில்லாதது; முடிவதும் தேவையில்லை. பாகவதருக்கு இல்லாத ஒன்று சின்னப்பாவுக்கு இருந்தது, அஃது உடம்பின் கல்வி என்பதை அவர்கள் ஒரு வரியிற் கடந்துபோகின்றனர். நம் அபிப்பிராயத்தில் சின்னப்பாவின் சிறப்பே அதில்தான் இருக்கிறது. அவர் நிற்கும் நிலையைப் பாருங்கள்: எடை ஒரு காலில், மற்றொரு கால் எப்பொழுதும் புறப்படத் தயார். பாடும்பொழுதும் கம்பு பிடித்தவன் நிற்பதுபோலவே நிற்கிறார். இராஜகுமாரனாய் வேடம் பூண்ட எத்தனையோ பாகவதர்களின் இடையில் வாள் ஓர் ஆபரணமாய்த் தொங்கிற்று. சின்னப்பாவின் இடையில் அஃது ஆயுதமாய் இருந்தது. பாடிய வாயும் பொருத கையும் ஒரே ஆளுடையவை என்பது திரையில் விளங்கிற்று. அவ்வொருமை அவரோடு ஏறக்குறைய முடிந்தது எனலாம்.

ஏறக்குறைய என்று நாம் சொன்னதற்குக் காரணம், அதே கம்பெனியில் அவரோடு பெண் வேடம் பூண்டு நடித்த மற்றொரு பிள்ளை. இலங்கையில் நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்தில் வறுமையில் வாடிய அன்னை வேறு வழியின்றித் தமையனோடு நாடகக் கம்பெனிக்கு அனுப்பிய பிள்ளை. தோட்டமக்களாகிய நமக்கு எம்.ஜி.ஆரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், முன் வரிசையில் கோணிச்சாக்கு விரித்து அமர்ந்திருந்த ஒவ்வொருவரும் அவருடைய வாளோசையைக் கேட்டவர்களே.

அவருடைய நடிப்பைக் குறைகூறுவோர் உண்டு. முகபாவம் குறைவு, வசனத்தில் ஏற்ற இறக்கம் போதாது என்பர். அக்குறையில் உண்மையில்லாமற் போகவில்லை. ஆனால் அவர்கள் தவறான இடத்தில் நடிப்பைத் தேடுகின்றனர் என்பது நம் கருத்து. எம்.ஜி.ஆர். சண்டையில் நடித்தார். வாட்போர் தொடங்கும்பொழுது ஒரு புன்னகை; எதிரி முதலில் வீச வேண்டும், இவர் தடுக்க வேண்டும்; எதிரியின் வாள் கை நழுவினால் அதை எடுத்துக்கொள்ளப் பணிப்பார், அல்லது தம் காலால் தட்டி அவனிடமே சேர்ப்பார்; நடுவே ஒரு முறை இவர் தளர்வார், பார்ப்பவர் மூச்சடக்குவர்; பிறகு மீண்டு வெல்வார். இதில் ஒரு பாத்திரத்தின் குணம் முழுவதும் உரைக்கப்படுகிறது. இப்படி உடம்பாற் கதை சொல்லும் முறை அவருக்கு எங்கிருந்து வந்தது? முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒருங்கே விளங்குமாறு, முகம் ஜனங்களை நோக்கியே இருக்குமாறு, ஒவ்வோர் அடிக்கும் ஒரு பொருள் இருக்குமாறு போரிடக் கற்றுத்தந்த பாலர் மேடையிலிருந்து வந்தது. பெண் வேடம் பூண்டு பழகிய நடையின் இலேசும் அதில் கலந்திருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். கூர்ந்து பார்ப்போர் ஒப்புவர்.

அவர் 1936-இல் ‘சதி லீலாவதி’யில் சிறு வேடத்தில் தோன்றி, 1947-இல் ‘ராஜகுமாரி’யிலேதான் கதாநாயகரானார். இடையில் பதினோராண்டு. அப்படத்தில் தம்மோடு பொரும் வேடத்திற்கு வேறொரு பயில்வானைப் போடாமல், உடற்பயிற்சிக் கூடத்து நண்பராகிய சாண்டோ சின்னப்பா தேவரைப் போட வேண்டுமென்று வற்புறுத்தினார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஏன் அந்த வற்புறுத்தல்? நட்பு ஒரு காரணம். சண்டை செய்வோர்க்கு மற்றொரு காரணம் விளங்கும்: எதிரே நிற்பவன் கலைஞனாயில்லாவிடில் தன் அடி எடுபடாது. அடியை அடியாக்குபவன் அதை வாங்குபவன். அவன் தலையைத் திருப்பும் கணம் பிந்தினால் கூடியிருப்போர் நகைப்பர், முந்தினாலும் நகைப்பர். சிலம்பக் கூடத்தில் ஜோடி சேர்ந்து கம்பெடுத்த நம் தோட்டத்து முதியோரைக் கேளுங்கள். ஒருவரே ஆடிச் சிறந்தார் என்று யாரேனும் சொல்வார்களா?

எம்.ஜி.ஆருக்கும் உடம்பின் கணக்குத் தீர்க்கப்படாமற் போகவில்லை. 1959-இல் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகத்தின் சண்டைக் காட்சியில் சக நடிகர் ஒருவரைத் தூக்கியபொழுது கால் முறிந்தது. அன்று மேடையில் விழுந்தவர் யாரென்று நாடு முழுவதும் அறிந்தது, பத்திரிகைகள் எழுதின, ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தனர். இதே காலத்தில் கோடம்பாக்கத்தில் எத்தனை கால்கள் முறிந்தன, எவருடையவை என்பதை எழுதிவைத்தவர் எவருமில்லை.

ஏனெனில், அதற்குள் சினிமா அவ்வொருமையைப் பிளந்துவிட்டது. காமிராவுக்கு முகம் ஓரிடத்தில் வேண்டும், உடம்பு வேறோரிடத்திற் போதும். முகத்தை அருகிற் பிடித்து, முதுகைத் தூரத்திற் பிடித்து, இரண்டையும் கத்தரித்து ஒட்டிவிட்டால் ஒரே ஆள் குதித்ததாகிவிடுகிறது. முகத்திற்குச் சம்பளம் இலட்சக்கணக்கில், முதுகிற்கு நாட்கூலி. மேடையில் ஒரே பிள்ளை கற்ற கலை, திரையில் இரு வகுப்பாய்ப் பிரிந்தது. நாம் சாதிப் பிரிவினையைக் கண்டிக்கிறோம். தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது என்னும் கற்பனையைக் கண்டிக்கிறோம். அதே கற்பனை நம் கண்ணெதிரே கலையுலகில் புதுவேடம் புனைந்து வந்தபொழுது கைதட்டி வரவேற்றோம்.

பிளவுக்குப் பின் வந்தவர்களில் பெயர் பெற்றவர் வெகு சிலர். ஆர். என். நம்பியார், சியாம் சுந்தர் போன்ற சண்டைப் பயிற்சியாளர்களின் பெயரைப் பழைய இரசிகர் அறிவர். குடியாத்தத்திலிருந்து வந்த ஜூடோ இரத்தினம் 1959-இல் ‘தாமரைக்குளம்’ படத்தில் நடிகராய்த் தோன்றி, பின்னர்ச் சண்டை அமைப்பில் இறங்கி, 1,200-க்கு மேற்பட்ட படங்களுக்குப் பணியாற்றிக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்று, 2023 ஜனவரியில் காலமானார். இவர்கள் ஆசிரியர் நிலைக்கு உயர்ந்தமையாற் பெயர் பெற்றவர்கள். விழுந்தவர்களோ ‘குழுவினர்’.

இப்பிளவு தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதை நம் சீன அயலார் வீட்டுத் தொலைக்காட்சியே காட்டும். ஹாங்காங்கில் யூ ஜிம்-யுவன் என்னும் ஆசிரியர் நடத்திய சீன இசைநாடகப் பள்ளி நம் பாய்ஸ் கம்பெனியின் உடன்பிறப்புப் போன்றது. பெற்றோர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுப் பிள்ளைகளை ஒப்படைப்பர். பல்லாண்டுக் காலம் அவர்கள் ஆசிரியரின் உடைமை. விடியுமுன் எழுந்து தலைகீழாய் நிற்றல், குட்டிக்கரணம், பாட்டு, பிரம்படி. மேடையில் ஈட்டும் பணம் பள்ளிக்கு. அங்கே பயின்று ‘ஏழு சிறு பாக்கியவான்கள்’ என்று பெயர் சூட்டப்பட்ட சிறுவர் குழுவிலிருந்து வந்தவர்களே ஜாக்கி சான், சம்மோ ஹுங், யுவன் பியாவ் முதலியோர். அவர்கள் வளர்வதற்குள் இசைநாடகத்துக்குக் கூட்டம் குறைந்தது. பாட்டை வாங்குவாரில்லை; குட்டிக்கரணத்தை வாங்கச் சினிமாக் கம்பெனிகள் காத்திருந்தன. நம் பிள்ளைகளுக்கு மகரக்கட்டு எவ்வாறோ, அவர்களுக்கு அக்கலையின் வீழ்ச்சி அவ்வாறு. புரூஸ் லீயின் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’ (1972) படத்தின் இறுதியில் உதைபட்டுப் பறந்து விழும் வில்லனின் உடம்பு ஜாக்கி சானுடையது. அன்று அவர் பெயரற்ற கூலிக்காரர்.

அக்குழுவில் யுவன் வா என்பார் ஒருவர் உண்டு. ‘என்டர் தி டிராகன்’ (1973) படத்தில் புரூஸ் லீ பின்னோக்கிக் கரணமடிப்பதாக நாம் வியந்த காட்சிகளில் கரணமடித்தவர் யுவன் வா. ஒரு செய்தியை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும்: புரூஸ் லீயும் குழந்தை நடிகரே; பத்து வயதுக்குள் ஹாங்காங் படங்களில் நடித்துப் பெயர் வாங்கியவர். இரு குழந்தை நடிகர் வளர்ந்து ஒரே காட்சியில் சேர்ந்தனர். ஒருவர் முகமும் மற்றவர் கரணமும் சேர்ந்து ஒரு வீரனாயிற்று. அவ்வீரனின் படம் உலகமெங்கும் சுவர்களில் ஒட்டப்பட்டது. யுவன் வாவின் முகத்தை ஜனங்கள் அறிந்துகொள்ளப் பின்னும் பல்லாண்டுகள் சென்றன.

அப்பள்ளியைப் பற்றி 1988-இல் ‘பெயின்டட் ஃபேசஸ்’ என்றொரு படம் வந்தது. அலெக்ஸ் லா இயக்கியது. பிரம்படி பட்ட மாணவராகிய சம்மோ ஹுங்கே அதில் ஆசிரியர் வேடம் பூண்டார். அடித்த ஆசிரியரை அரக்கனாகவும் காட்டாமல், தெய்வமாகவும் ஆக்காமல், கலை அழிவதைக் கண்டு செய்வதறியாது நிற்கும் மனிதனாய்க் காட்டிய அந்நடிப்பு அரியது. பாய்ஸ் கம்பெனியைப் பற்றி அத்தகைய ஒரு படம் தமிழில் வரவில்லையே என்று நாம் ஏங்குகிறோம். 1960-இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் பாலகனாய் நடித்து, பின்பு டி. கே. சண்முகத்தின் நாடகக் குழுவிற் பயின்று, நடன உதவியாளராய் உழைத்து மேலேறிய கமல்ஹாசனைவிட அதற்குத் தகுதியுடையவர் யாவர்? சங்கரதாஸ் சுவாமிகளின் பிள்ளைகள் வழிவந்த கடைசிக் கண்ணி அவர்.

நம் மலாக்காவையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்வோம். பாரசீக் கம்பெனிகள் தமிழ் மேடைக்குத் திரைச்சீலையும் வாட்போரும் தந்ததுபோலவே, பினாங்கில் இறங்கி மலாய் மக்களின் பங்சாவான் நாடகத்திற்கும் வித்திட்டன. 1956-இல் பாணி மஜூம்தார் இயக்கத்தில் வந்த ‘ஹங் துவா’ படத்தில் பி. ராம்லி மலாக்கா வீரனாய் நின்றபொழுது, அவரைச் சுற்றிப் பொருதோரிடம் அம்மேடையின் மணம் வீசிற்று. அண்ணன் தம்பி முறை நமக்கும் அவர்களுக்கும் கலையிலும் உண்டு.

இவ்வளவும் கூறியதால், பாய்ஸ் கம்பெனியை மீண்டும் திறக்க வேண்டுமென்று நாம் சொல்வதாக எவரும் கருதலாகாது. மேடை உடம்புக்கு அளித்த கல்வியை நாம் போற்றுகிறோம். அக்கல்விக்கு வசூலிக்கப்பட்ட விலையை ஒருகாலும் ஒப்ப மாட்டோம். பள்ளிக்கூடம் இல்லை, தாய்முகம் இல்லை, நோயுற்றால் கேட்பாரில்லை. இந்திய அரசாங்கம் 1933-இல் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தங்களைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றிற்று. இன்று அந்நாட்டில் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, குழந்தை நடிகரை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. வருமானத்தில் நூற்றுக்கு 20 பங்காவது பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பாக இடப்படல் வேண்டும். நம் நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைகள் பொதுமேடை நிகழ்ச்சிகளில் உழைப்பதற்கு உரிமம் கேட்கிறது. சட்டங்கள் நல்லன. ஆனால் தோட்டத்தில் பிறந்த நமக்குச் சட்டம் ஏட்டில் இருப்பதும் நிரையில் இருப்பதும் வேறு வேறென்று பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒட்டுப்பால் பொறுக்கியும் புல் பிடுங்கியும் வளர்ந்த தலைமுறை இன்னும் பெம்பான் வட்டாரத்தில் உயிரோடிருக்கிறது. குரல் உடைந்ததும் கம்பெனி கைவிட்ட பையனின் நிலை அவர்களுக்குப் புதிதன்று. மரத்தை அறுத்துச் செம்பனை நட்டபொழுது, வெட்டுக்கத்தியைத் தவிர வேறறியாத கைகள் பட்டணத்தில் என்ன பாடுபட்டன என்பதை அவர்கள் கண்டவர்கள்.

ஆகவே, திறமையுள்ள பிள்ளையைத் தொலைக்காட்சிப் போட்டிக்கும் மேடைக்கும் அழைத்துச் செல்லும் பெற்றோரை நாம் தடுக்கவில்லை. அப்பிள்ளை பதினைந்து வயதில் என்னவாயிருக்கும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறோம். கைதட்டுகிறவர்களில் ஒருவராவது அதைக் கேட்பதை நாம் இதுவரை கண்டதில்லை.

இனி விமரிசகராகிய நம் குற்றத்துக்கு வருவோம். 2016 நவம்பரில், கன்னடப் படமொன்றின் இறுதிக் காட்சிக்காகப் பெங்களூருக்கு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், அனில், உதய் என்னும் இரு சண்டை நடிகர் உயிர்காப்பு அங்கியின்றி ஹெலிகாப்டரிலிருந்து குதித்து மூழ்கி மாண்டனர். உடன் குதித்த கதாநாயகர் கரையேறினார். தங்களுக்கு நீச்சல் நன்கு தெரியாதென்று அவ்விருவரும் குதிப்பதற்கு முன் சொல்லியிருந்தனர்; சொன்னது ஒளிப்பதிவாகியும் இருக்கிறது. 2025 ஜூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில், மோட்டார் வண்டியைப் பறக்கவிட்டுப் புரட்டும் காட்சியில் எஸ். எம். ராஜு என்னும் அனுபவமிக்க சண்டைக் கலைஞர் உயிர் நீத்தார். இச்செய்திகளைப் பத்திரிகைகள் விபத்துப் பகுதியில் வெளியிட்டன. கலைப் பகுதியில் வெளியிடவில்லை. நடிகர் காலமானால் அவர் நடிப்பை ஆராய்கிறோம். இவர்கள் காலமானால் வண்டியின் வேகத்தை ஆராய்கிறோம். ராஜு எந்தப் படத்தில் எங்ஙனம் விழுந்தார், அவர் விழுதலில் என்ன தனித்தன்மை இருந்தது என்று தமிழில் ஒரு பத்தி எழுத வல்ல விமரிசகர் ஒருவரேனும் உளரா? நம்மையும் சேர்த்தே கேட்கிறோம்.

தனித்தன்மை உண்டோ என்று ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். பழைய படங்களை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒருவன் அடிபட்டவுடன் உடம்பு முழுவதும் கல்லாய் விறைத்துச் சாய்வான். மற்றொருவன் முழங்காலில் முதலில் தளர்ந்து, தோளால் உருண்டு, கை இறுதியில் தரையைத் தட்டி அடங்குவான். பின்னவன் செத்ததை நாம் நம்புவோம்; முன்னவன் செத்ததாக நடித்தான் என்பது தெரியும். ஓர் அடிக்குப் பத்துப் பேர் பறக்கும் இக்காலப் படங்களில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. கம்பி கட்டி இழுத்தலும் கணினிச் சித்திரமும் சேர்ந்து எல்லோரையும் ஒரே விதமாய் வீழ்த்துகின்றன. அடித்தவனுக்கும் இளைப்பில்லை, விழுந்தவனுக்கும் வலியில்லை. நாயகரின் பலம் பெருகப் பெருக அவர் வென்றதன் பெருமை சிறுத்துவிட்டது. எம்.ஜி.ஆர். நடுவே ஒருமுறை தளர்ந்து காட்டியது எத்தனை பெரிய கலையறிவு என்பது இப்பொழுதுதான் விளங்குகிறது.

இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகளில், 2016-ஆம் ஆண்டுப் படங்களுக்கான வரிசையில் சண்டை அமைப்புக்கென்று தனிப் பரிசு ஏற்பட்டது. அமெரிக்க ஆஸ்கார் குழுவினரும் 2027-ஆம் ஆண்டு வெளிவரும் படங்கள் தொடங்கி அத்தகைய பரிசு ஒன்றை அளிப்பதாக 2025-இல் அறிவித்தனர். வரவேற்கிறோம். இரண்டும் அமைத்தவருக்கே, விழுந்தவரை அழைத்து மேடையேற்ற இன்னும் ஒரு படி ஏற வேண்டும்.

மறுவாரம் அதே கடையில் அம்முதியவரையும் பேரனையும் மீண்டும் கண்டோம். நாம் வலியச் சென்று அமர்ந்து, “தம்பி, அன்று பார்த்த படத்தின் தொடக்கத்தைக் கொஞ்சம் காட்டு, பெயர்கள் வருமே” என்று கேட்டோம். அவன் கைப்பேசியைத் தேய்த்துத் தேடி நிறுத்தினான். பாடல் இயற்றியவர், பாடியவர், ஆடை, ஒப்பனை, அரங்கு என்று ஒவ்வொருவர் பெயரும் மெல்ல வந்து போயின. சண்டைப் பயிற்சிக்கு ஒரு பெயர் வந்தது. அதன் கீழே ‘குழுவினர்’ என்றிருந்தது. முதியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “கொஞ்சம் நிறுத்துடா, பேரு ஓடிப் போயிடுச்சு” என்றார். “பேரு அவ்வளவுதான், தாத்தா” என்றான் பேரன்.